போஸ்டரை விடுங்கள், அந்தக் கான்டக்ட் மார்க்கைப் பிடியுங்கள்

கேள்வி (சுருக்கியிருக்கிறேன்): டெக்சஸில், டாலஸ் பக்கம் ஒரு புறநகரில் இருக்கிறோம். மகள் அரசுப் பள்ளியில் ஏழாம் வகுப்பு. பள்ளி ஆபீஸ் வாசலில் 'இன் காட் வி டிரஸ்ட்' (கடவுளை நம்புகிறோம்) என்று பெரிதாக ஒரு போஸ்டர், யாரோ நன்கொடையாகக் கொடுத்ததாம். போய்க் கேட்டால், பிடிக்காவிட்டால் வேறு பள்ளி பாருங்கள் என்கிற தோரணையில் பிரின்சிபால் பேசினார். நாங்களும்தானே பிராபர்ட்டி டாக்ஸ் கட்டுகிறோம்? 'யாதும் ஊரே யாவரும் கேளிர்' என்று தமிழில் ஒரு போஸ்டர் தருகிறோம், அதையும் மாட்டுங்கள் என்றதற்குச் சிரித்தே விட்டார். போன மாதம் ஹோம்ரூம் ஆசிரியை எல்லாரையும் எழுந்து நின்று அந்த வாசகத்தைச் சொல்லச் சொன்னார். மகள் சொல்லவில்லை. வெளியே நிற்க வைத்தார், கான்டக்ட்டிலும், அதாவது நடத்தைக்குப் போடும் மார்க்கிலும், குறைத்துவிட்டார். போஸ்டரைக் கிழித்துப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை என்கிறார் என் கணவர். எச்1பி விசா, கிரீன் கார்டு விண்ணப்பம் நிலுவையில் இருக்கிறது. கேஸ் போடலாமா?

பதில்:

அம்மா, நீங்கள் எழுதியது நாலு பக்கம். அதில் போஸ்டர், பிரின்சிபாலின் சிரிப்பு, வரிப்பணம், நம் பண்பாடு எல்லாம் விலாவாரியாக இருக்கிறது. பெண்ணை வெளியே நிற்க வைத்து மார்க் குறைத்தது மட்டும் கடைசிப் பக்கத்தில் ஒரே வரி. எனக்கு அந்த ஒரு வரி போதும், மற்றதைப் படித்ததில் சட்டத்துக்கு வேண்டியது எதுவும் இல்லை.

முதலில் போஸ்டர் கதையை முடித்துவிடுவோம், ஏனென்றால் அதில் நீங்கள் ஜெயிக்கப்போவதில்லை. 2021ல் டெக்சஸ் சட்டமன்றம் செனட் பில் 797ஐ நிறைவேற்றியது. நன்கொடையாக வந்த போஸ்டரில் அந்த வாசகமும், அதற்குக் கீழே அமெரிக்கக் கொடியும், டெக்சஸ் கொடியும் இருந்தால் பள்ளி அதை மாட்டித்தான் ஆக வேண்டும். பிரின்சிபாலுக்கு அதில் விருப்பு வெறுப்பு கிடையாது. சரி, அந்தச் சட்டமே அரசியலமைப்புக்கு விரோதம் என்று போனால்? அந்த வாசகம் 1864லிருந்து நாணயத்தில் இருக்கிறது, 1956லிருந்து நாட்டின் அதிகாரபூர்வ வாசகமே அதுதான். 1970ல் ஒன்பதாம் சர்க்யூட் கோர்ட் (சுப்ரீம் கோர்ட்டுக்கு அடுத்த படியில் இருக்கும் ஃபெடரல் அப்பீல் கோர்ட்களில் ஒன்று) இதற்கும் அரசு ஒரு மதத்தை நிறுவுவதற்கும் சம்பந்தமில்லை என்று சொன்னதிலிருந்து எதிர்த்துப் போனவர்கள் எல்லாரும் வரிசையாகத் தோற்றிருக்கிறார்கள். உங்கள் டெக்சஸ் வருகிற ஐந்தாம் சர்க்யூட்டிலேயே 1979ல் ஒருவர் தோற்றார், அவர் மேடலின் மரே ஓஹேர், பள்ளிகளில் பைபிள் வாசிப்பை நிறுத்திய 1963 சுப்ரீம் கோர்ட் தீர்ப்பில் ஜெயித்த பெண்மணி. அவராலேயே ரூபாய் நோட்டு, மன்னிக்கவும், டாலர் நோட்டு வாசகத்தை அசைக்க முடியவில்லை. 2022ல் கென்னடி வழக்குக்கு (பள்ளி ஃபுட்பால் கோச் மைதானத்தில் பிரார்த்தனை செய்த வழக்கு) பிறகு சுப்ரீம் கோர்ட் 'வரலாறும் வழக்கமும்' என்று பார்க்க ஆரம்பித்துவிட்டதால் காற்று இன்னும் எதிர்ப்பக்கம்தான் அடிக்கிறது.

இதைப் பத்துக் கட்டளை போஸ்டரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். வாட்ஸ்அப் குரூப்களில் இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் கலக்குகிறார்கள். அது 2025ல் வந்த செனட் பில் 10, ஒவ்வொரு வகுப்பறையிலும் மாட்டச் சொல்வது. 1980ல் கென்டக்கியின் அதே மாதிரிச் சட்டத்தை சுப்ரீம் கோர்ட் ரத்து செய்திருப்பதால் அங்கே வாதத்துக்கு இடம் இருந்தது, சான் அன்டோனியோ ஃபெடரல் நீதிபதி 2025 ஆகஸ்டில் சில டிஸ்ட்ரிக்ட்களுக்கு, அதாவது ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாகங்களுக்கு, தடையும் போட்டார். அது வேறு சண்டை. அதில் வந்த தடையைக் காட்டி உங்கள் பள்ளி வாசலில் இருக்கும் போஸ்டரை இறக்க முடியாது.

தமிழ் போஸ்டர் யோசனை. எனக்கும் பிடித்திருக்கிறது, ஆனால் பலிக்காது. 2022ல் டாலஸ் பக்கத்து சவுத்லேக்கில் ஒரு பெற்றோர் அதே வாசகத்தை அரபியில் எழுதியும் வானவில் நிறத்தில் எழுதியும் கொண்டுபோனார். ஒரு கட்டடத்துக்கு ஒன்று போதும், ஏற்கெனவே மாட்டியாயிற்று என்று டிஸ்ட்ரிக்ட்டின் நிர்வாகக் குழுவான போர்டு திருப்பி அனுப்பியது. அதற்கு முன்பே, 2009ல், யூட்டாவில் ஒரு சிறிய மதக்குழு நகரப் பூங்காவில் பத்துக் கட்டளைக் கல் இருக்கிறதே, எங்கள் ஏழு கொள்கைக் கல்லையும் வையுங்கள் என்று கேட்டது. நன்கொடையாக வந்தாலும் அரசு ஏற்று வைத்துவிட்டால் அது அரசின் பேச்சு, எல்லாருடைய கல்லையும் வைக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்று ஒன்பது நீதிபதிகளும் ஒரே குரலில் சொல்லிவிட்டார்கள். பிரின்சிபால் சிரித்தது மரியாதைக் குறைவுதான். அதற்குச் சட்டத்தில் பரிகாரம் இல்லை. வரி கட்டுவதும் அப்படித்தான், வரி கட்டுகிறவருக்குச் சுவரில் பங்கு கிடையாது.

இப்போது அந்த ஒரு வரிக்கு வருவோம். 797 சட்டம் மாட்டச் சொல்கிறது. வாசிக்கச் சொல்லவில்லை, எழுந்து நிற்கச் சொல்லவில்லை, சொல்லாத பிள்ளைக்கு மார்க் குறைக்கச் சொல்லவே இல்லை. ஆசிரியை செய்ததற்கு அந்தச் சட்டத்தில் நிழல்கூடக் கிடையாது. மறுபக்கம் 1943ல் வந்த பார்னெட் தீர்ப்பு இருக்கிறது: பள்ளிப் பிள்ளையை அரசு தன் நம்பிக்கையை வாயால் சொல்ல வைக்க முடியாது. அது உலகப்போர் நடந்துகொண்டிருந்தபோது, கொடி வணக்கம் பற்றி வந்த தீர்ப்பு, இன்றைக்கும் நிற்கிறது. 1977ல் நியூ ஹாம்ப்ஷயரில் கார் நம்பர் பிளேட்டில் இருந்த மாநில வாசகத்தை மறைத்ததற்காக ஒருவருக்கு அபராதம் போட்டு, கட்ட மறுத்ததும் ஜெயிலில் போட்டார்கள். அவர் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பின் அடிக்குறிப்பிலேயே டாலர் நோட்டு அப்படியில்லை, அதை யாரும் நெஞ்சில் மாட்டிக்கொண்டு திரிவதில்லை என்கிற மாதிரி ஒரு வித்தியாசம் காட்டியிருக்கிறார்கள். உங்கள் விஷயத்தில் கோடு விழுவது சரியாக அங்கேதான். சுவரில் இருக்கிற வரை அரசின் பேச்சு, உங்கள் பெண்ணின் வாயில் திணித்தால் கட்டாயம். டெக்சஸில் கொடி உறுதிமொழிக்கே பெற்றோர் எழுதிக் கொடுத்தால் விலக்கு உண்டு, அந்த மாநில உறுதிமொழியில் 2007லிருந்து 'கடவுளின் கீழ்' என்று சேர்த்ததையும் ஐந்தாம் சர்க்யூட் ஏற்றுக்கொண்டது, ஆனால் விலக்கு அப்படியே இருக்கிறது. விசாவில் இருக்கிற பிள்ளைக்கும் இந்த உரிமை உண்டு, அதில் சந்தேகம் வேண்டாம்.

ஆக உங்கள் கையில் நல்ல விஷயம் ஒன்று இருக்கிறது, சின்னது, சுத்தமானது. அதை எப்படியெல்லாம் கெடுத்துக்கொள்வார்கள் என்று பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது, அதனால் மீதியை அதற்கே ஒதுக்குகிறேன்.

முதல் ஆபத்து உங்கள் வீட்டுக்காரர். கிழிக்கிறேன் என்று அவர் சொல்வது கோபத்தில்தான், தெரியும். ஆனால் பள்ளிச் சொத்தை வேண்டுமென்றே கிழித்தால் அது கிரிமினல் மிஸ்சீஃப், அதாவது பிறர் சொத்தைச் சேதப்படுத்திய குற்றம். போஸ்டர் விலை குறைவு, அதனால் குற்றமும் அபராதம் கட்டுகிற அளவில் சின்னதாகத்தான் இருக்கும், அந்தச் சின்ன அளவே ஆளைத் தைரியப்படுத்தும். கிரீன் கார்டு ஐ-485 படிவம் என்ன கேட்கிறது தெரியுமா? தண்டனை பெற்றீர்களா என்று மட்டும் கேட்பதில்லை. எப்போதாவது, எதற்காகவாவது போலீஸ் கைது செய்ததா, சம்மன் கொடுத்ததா என்று கேட்கிறது. கேஸ் தள்ளுபடியானாலும் எழுத வேண்டும். பின்னால் குடியுரிமைக்கு எழுதும் என்-400லும் அதே கேள்வி. பத்து வருஷம் வரிசையில் நின்ற குடும்பம் ஒரு காகிதத்துக்காக ஒவ்வொரு படிவத்திலும் விளக்கக் கடிதம் இணைத்துக்கொண்டு திரிவதை நான் பார்த்திருக்கிறேன். போதாததற்கு, பள்ளி வளாகத்துக்குள் வரக்கூடாது என்று டிரெஸ்பாஸ் நோட்டீஸ் கொடுத்துவிடுவார்கள், அப்புறம் மகளின் ஆர்கெஸ்ட்ரா கச்சேரிக்குக்கூட அவர் போக முடியாது. ஆபீஸில் நின்று சத்தம் போட்டாலே இந்த நோட்டீஸ் வரலாம், கிழிக்கக்கூட வேண்டாம். ஆகவே இனி பள்ளிக்கு நீங்கள் தனியாகப் போங்கள்.

இரண்டாவது, வாட்ஸ்அப். இதுவரை எத்தனை குரூப்பில் போட்டீர்கள் என்று கேட்கப் பயமாக இருக்கிறது. ஆசிரியை பெயரைப் போட்டு 'மதவெறி பிடித்தவர்' என்று எழுதியிருந்தால் நிறுத்துங்கள். அழிக்காதீர்கள், வழக்கு வருமென்று தெரிந்த பிறகு அழிப்பது ஆதாரத்தை அழித்த கணக்கில் வரும். நிறுத்துங்கள், அவ்வளவுதான். எதிர்த்தரப்பு வக்கீல் அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து, பிரச்சினை பெண்ணுக்கு இல்லை, அம்மாவின் பிரசாரம்தான் இது என்று காட்டுவார். மகளின் கைக்கடிகாரத்தில் ரெக்கார்டரைப் போட்டு அனுப்பும் ஐடியாவும் வேண்டாம். அவள் பங்குபெறாத பேச்சு பதிவாகிவிட்டால் குற்றம் உங்கள் பக்கம் திரும்பும்.

மூன்றாவது, பெண் பற்றியது, எனக்கு முக்கியமாகப் படுவதும் இதுதான். கேஸ் என்றால் அவள்தான் சாட்சி. அவளை ஒரு அறையில் உட்கார வைத்து, அன்றைக்கு ஏன் வாய் திறக்கவில்லை, அம்மா சொல்லிக் கொடுத்தாரா, முதல் நாள் வேறு எதற்காவது ஆசிரியை கண்டித்தாரா என்று மணிக்கணக்கில் கேட்பார்கள். கடைசிக் கேள்விக்கு ஆமாம் என்றால் கேஸ் பாதி போச்சு, இப்போதே அவளிடம் உண்மையைக் கேட்டு வையுங்கள். பெயரை மறைத்துப் போடலாமே என்பீர்கள். போடலாம், ஐந்தாம் சர்க்யூட் 1981லேயே பள்ளிப் பிரார்த்தனை வழக்கு ஒன்றில் அதை அனுமதித்திருக்கிறது. ஆனால் கால்வெஸ்டன் பக்கம் சான்டா ஃபே பள்ளி வழக்கை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். ஃபுட்பால் பிரார்த்தனையை எதிர்த்து 1995ல் போட்டு 2000ல் சுப்ரீம் கோர்ட்டில் ஜெயித்த வழக்கு. கேஸ் போட்டவர்கள் நாத்திகர்கள்கூட இல்லை, ஒரு குடும்பம் மார்மன், இன்னொன்று கத்தோலிக்கர். அவர்கள் யார் என்று ஊரே தேடியது, பள்ளி ஆட்களே துருவித் துருவிக் கேட்டார்கள், நீதிபதி கோர்ட் அவமதிப்பு என்று மிரட்டி நிறுத்த வேண்டியிருந்தது. அந்தப் பள்ளியில் தமிழ்ப் பெண் எத்தனை பேர், அதில் ஏழாம் வகுப்பில் எத்தனை பேர்? பெயரை மறைத்து உங்களுக்கு என்ன ஆகப்போகிறது.

நான்காவது, யார் மீது போடுவது. ஒரு ஆசிரியை ஒரு நாள் செய்ததற்கு டிஸ்ட்ரிக்ட் பொறுப்பில்லை. அது டிஸ்ட்ரிக்டின் கொள்கை, அல்லது வழக்கமாக நடப்பது என்று காட்ட வேண்டும், 1978லிருந்து அதுதான் சட்டம். ஆசிரியை மீது தனியாகப் போட்டால் அவர் அரசு ஊழியருக்கான சட்டப் பாதுகாப்பைக் காட்டுவார், அதற்கே அப்பீல் போகலாம், அதற்குள் உங்கள் மகள் டிரைவிங் லைசென்ஸ் எடுத்துவிடுவாள். ஹூஸ்டன் பக்கம் கிளைன் டிஸ்ட்ரிக்ட்டில் கொடி உறுதிமொழி எழுத மறுத்த மாணவியின் கேஸ் 2017ல் தொடங்கி 2022ல் 90,000 டாலருக்குச் சமரசத்தில் முடிந்தது, ஐந்து வருஷம். அதுவும் ஆசிரியர் திரும்பத் திரும்பச் செய்தார், வகுப்பில் பேசினார் என்று குவிந்த ஆதாரம் இருந்ததால்தான். உங்களிடம் இருப்பது ஒரு நாள், ஒரு மார்க். வக்கீல் கட்டணத்தைத் தோற்றவர் தலையில் கட்டலாம் என்று யாராவது சொன்னால், 2025 பிப்ரவரியில் சுப்ரீம் கோர்ட் இடைக்காலத் தடை வாங்கியது மட்டும் ஜெயித்ததாகாது, கட்டணம் கிடையாது என்று சொல்லிவிட்டதையும் கேட்டுக்கொள்ளுங்கள். இப்போது டிஸ்ட்ரிக்ட்கள் செய்வது சுலபம்: தடை வந்ததும் விஷயத்தைச் சரிசெய்துவிட்டு கேஸ் முடிந்தது என்பார்கள், பில் உங்களிடமே நிற்கும்.

அதனால் என் யோசனை, சமரசம். வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிரின்சிபாலுக்கு ஒரு பக்கத்துக்கு மேல் போகாமல் ஒரு ஈமெயில். தேதி, நடந்தது, கான்டக்ட் கிரேடு. கேட்பது மூன்று: அந்தக் கிரேடைத் திருத்துங்கள், இந்த வாசகத்தைச் சொல்லவோ எழுந்து நிற்கவோ எந்த மாணவருக்கும் கட்டாயமில்லை என்று எழுதிக் கொடுங்கள், இதைக் கேட்டதற்காக என் மகளுக்கு எந்தத் தொந்தரவும் வரக்கூடாது. போஸ்டரைப் பற்றி ஒரு சொல் வேண்டாம். சிரித்ததைப் பற்றி வேண்டாம். மன்னிப்பு கேட்கச் சொல்லாதீர்கள், மன்னிப்பு என்றதும் அவர்கள் வக்கீல் உள்ளே வந்து எல்லாக் கதவையும் சாத்திவிடுவார், கிரேடு திருத்துவது அவர்களுக்கு ஐந்து நிமிட வேலை, அதைக்கூடச் செய்ய விடமாட்டார். ஆசிரியையை வேலையை விட்டு எடுங்கள் என்பதும் அதே ரகம். நீங்கள் போஸ்டரைக் கேட்டால் அவர்கள் சட்டத்தைக் காட்டுவார்கள், கட்டாயத்தைக் கேட்டால் காட்ட அவர்களிடம் எதுவும் இல்லை.

பதில் வரவில்லை, அல்லது முடியாது என்றால் டிஸ்ட்ரிக்ட்டின் எஃப்.என்.ஜி. பாலிசிப்படி (மாணவர், பெற்றோர் புகார்களுக்கான விதி அது) முறையான குறைமனு. அதன் கெடு நாள்கணக்கில்தான் இருக்கும், வருஷக்கணக்கில் இல்லை. டிஸ்ட்ரிக்ட் இணையதளத்தில் இருக்கும் பாலிசியைத் திறந்து இன்று ராத்திரியே பாருங்கள். ஃபெடரல் கேஸுக்கு டெக்சஸில் இரண்டு வருஷம் இருக்கிறது என்று யாரோ சொன்னதை நம்பிக் குறைமனுவைத் தவறவிட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருகிறார்கள், அந்த இரண்டு வருஷம் உண்மைதான், ஆனால் போர்டு வரைக்கும் எழுத்தில் போன பதிவு இல்லாமல் டிஸ்ட்ரிக்ட்டுக்குத் தெரியும் என்று எதை வைத்துக் காட்டுவீர்கள்? போர்டு வரை போயும் அவர்கள் ஆசிரியை செய்தது சரி என்று எழுதிக் கொடுத்தால், அப்போது அது ஒரு நாள் சம்பவம் இல்லை, டிஸ்ட்ரிக்டின் நிலைப்பாடு. அந்தக் கடிதத்தோடு வாருங்கள், கேஸ் பற்றி அப்போது பேசலாம்.

கடைசியாக, அந்தக் கான்டக்ட் கிரேடு பெற்றோர் போர்ட்டலில் இப்போது எப்படித் தெரிகிறதோ அதைத் தேதியோடு இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். ஈமெயில் போன மறுநாள் அது சத்தமில்லாமல் மாறிவிட்டால் நல்லதுதான், ஆனால் முன்னால் என்ன இருந்தது என்பதற்கு உங்களிடம் சாட்சி வேண்டும்.