கலப்பு மரபில் வளர்ந்தவருக்கு ஒளிப்பதிவில் அது எப்படிக் கைகொடுக்கும்?

ஒளிப்பதிவாளர் என்பவர் வெளிச்சம், லென்ஸ், நிறம் கொண்டு கதையைப் படமாக்குபவர். கலப்பு மரபுக் குடும்பத்தில், அதாவது வெவ்வேறு இனப் பின்னணி கொண்டவர்கள் சேர்ந்த குடும்பத்தில் வளர்ந்தவர் பல தோல்நிறங்களை ஒரே வெளிச்சத்தில் பார்த்துப் பழகியிருப்பார். இந்தத் தொழிலுக்கு அது பெரிய மூலதனம். ஏனென்றால், கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் பொதுவாக எந்த முகத்தையும் ஒரே நடுத்தரச் சாம்பல் நிறமாகவே கணக்கிடுகிறது; நிற வித்தியாசத்தைக் கண்தான் கவனிக்க வேண்டும். ஒரே ஜன்னலருகே வெள்ளைச் சுவரும் மரக்கதவும் இருப்பதுபோலத்தான்: விழும் வெளிச்சம் ஒன்று, திரும்பி வருவது வேறு.

பயிற்சிக்கு, நிறம் வேறுபட்ட இருவரை அருகருகே உட்காரவைத்து, ஒரு சிறு இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரால் இரு கன்னங்களையும் அளந்து, வித்தியாசத்தை ஸ்டாப் கணக்கில் (ஒரு ஸ்டாப் என்றால் வெளிச்சம் இரு மடங்கு) குறித்துக்கொள்ளுங்கள். கருத்த முகம் விளக்குக்கு நெருக்கமாக இருக்கட்டும். சிறிய விளக்கென்றால், தூரம் பாதியானால் வெளிச்சம் நான்கு மடங்கு. அகலமான வெள்ளைத்துணி வழியே பக்கவாட்டில் வெளிச்சம் வந்தால், கன்னத்தின் மினுமினுப்பே முகத்துக்கு வடிவம் கொடுத்துவிடும். இப்படிச் செய்யாமல் எக்ஸ்போஷரை, அதாவது கேமரா உள்வாங்கும் வெளிச்சத்தை மட்டும் ஏற்றினால் பக்கத்து முகம் வெளுத்துப்போகும்.

கலப்பு மரபைக் காட்டுவதென்றால் உடையையும் விழாவையும் காட்டுவது என்று பலர் நினைக்கிறார்கள். யார் முகத்துக்கு முதலில் விளக்கு அமைக்கிறீர்கள் என்பதிலேயே அது தெரிந்துவிடும்.