கோழிக்கு சளி புடிச்சா மருந்து மட்டும் போதுமா?

கேள்வி: டொக்டர், நாங்க தலவாக்கலை பக்கம் தோட்டத்துல இருக்கோம். லயத்துக்கு பின்னால 9 பொட்டக்கோழியும் ஒரு சேவலும் வளக்கிறோம். போன மாசம் சந்தையில இன்னும் ரெண்டு கோழி வாங்கி கூட்டத்தோட உட்டோம். கொஞ்ச நாள்ல எல்லாத்துக்கும் தும்மல், ராத்திரியில கொர்ரு கொர்ருன்னு சத்தம், கண்ணுல நொர. ஒண்ணுக்கு ஒரு பக்கம் மூஞ்சியும் வீங்கியிருக்கு. முட்டை கொறஞ்சிருச்சு, ஆனா எதுவும் சாகல. குளிருன்னு கூட்ட சுத்தி பொலித்தீன் கட்டி வச்சிருக்கோம். பக்கத்து காம்பரா அக்கா சொன்னாங்கன்னு அமொக்சிசிலின் கெப்சூல ஒடச்சு தண்ணியில கலந்து குடுத்தேன், மூக்குல சித்தாலேப தைலமும் பூசினேன், கேக்கல. முட்டைய புள்ளைங்களுக்கு குடுக்கலாமா? இது மனுசருக்கும் தொத்துமா?

பதில்: தங்கச்சி, மொதல்ல அந்த கெப்சூல நிப்பாட்டுங்க. நீங்க சொல்றத வச்சு பார்த்தா மைக்கோபிளாஸ்மாங்கிற கிருமியால வர்ற நாள்பட்ட சளி நோய் மேலதான் எனக்கு சந்தேகம், பண்ணைக்காரங்க சிஆர்டின்னு சொல்லுவாங்க. அமொக்சிசிலின் வேலை செய்யிறதே கிருமியோட செல் சுவர ஒடச்சுத்தான், இந்த கிருமிக்கு அப்படி ஒரு சுவரே கெடையாது, அதனால எத்தன கெப்சூல் போட்டாலும் ஒண்ணும் ஆகாது. சித்தாலேபயும் வேணாம், காரம் கண்ணுல பட்டா எரிச்சல்தான் கூடும், மூக்கு ஓட்டையில தூசியும் ஒட்டிக்கும். மஞ்சள், மிளகு, சின்ன வெங்காயம் தீனியோட கலந்து குடுக்கிறது தப்பில்ல, ஆனா அது மருந்து இல்ல. கசாயம் காய்ச்சி வாயில மட்டும் ஊத்தாதீங்க, கோழிக்கு மூச்சுக்குழா வாசல் நாக்குக்கு பின்னாலயே தொறந்து கெடக்கும், ஊத்துறது நேரா நுரையீரலுக்குத்தான் போகும்.

மூஞ்சி வீங்கின கோழிய கையில எடுத்து பாருங்க. மூக்குல வடியிறது அழுகின நாத்தம் அடிக்குதா, அது தலைய திருப்பி மூக்க தொடைச்சு தொடைச்சு றெக்க மேல இருக்கிற எறகு அழுக்காகி ஒட்டிப்போயிருக்கா? வீக்கமும் ஒரு ரெண்டு நாளுக்குள்ள வந்து, நாத்தமும் இருந்தா அது கொரைசாங்கிற வேற ஒரு கிருமி சளி நோயா இருக்கலாம், அதுக்கு பொதுவா சல்பா வகை மருந்து குடுப்போம். நாத்தம் இல்லாம, மெதுவா வந்து, நொரையும் கொரகொரப்புமா இழுத்துக்கிட்டு கெடந்தா சிஆர்டி, அதுக்கு டைலோசின்ங்கிற அன்டிபயோட்டிக். ரெண்டும் சேர்ந்து வர்றதும் உண்டு, அதனால கடையில நீங்களா வாங்காம உங்க பிரதேச அரசாங்க மிருக வைத்தியர் ஒபிசுல காட்டிட்டு வாங்குங்க. டைலோசின் வழக்கமா 1 லீட்டர் தண்ணிக்கு 500 மில்லிகிராம் கணக்கு, 3லேர்ந்து 5 நாள். ஆனா அது மருந்தோட கணக்கு, பவுடரோட கணக்கு இல்ல, ஒவ்வொரு பாக்கெட்டுலயும் மருந்து அளவு வேற வேறயா இருக்கும், அதனால எத்தன கிராம் பவுடர்னு டொக்டர்கிட்டயே கேட்டு எழுதி வாங்கிக்கோங்க.

இங்க நம்ம பக்கத்துக்குன்னு ஒரு சிக்கல் இருக்கு. குளிர்ல கோழி தண்ணி கொறைவாத்தான் குடிக்கும், அதுவும் வெளிய உட்டா தண்ணி வர்ற பீலி ஓரத்துலயும் வடிகான்லயும் குடிச்சிட்டு வந்துரும், மருந்து தண்ணி அப்படியே கெடக்கும், அப்புறம் மருந்து கேக்கலன்னு சொல்லுவோம். மருந்து குடுக்கிற அந்த சில நாளைக்கு கூட்டுலயே அடைச்சு வைங்க, வேற தண்ணி எதுவும் வைக்காதீங்க, தெனமும் காலையில புதுசா கலக்குங்க. டைலோசினுக்கு பதிலா ஒக்சிடெட்ராசைக்ளினோ டொக்சிசைக்ளினோ தந்தாங்கன்னா சிப்பித் தூளு, முட்டை ஓடு எல்லாத்தையும் அந்த நாள்ல நிப்பாட்டணும், கல்சியம் அந்த மருந்த புடிச்சு ஒடம்புல சேர உடாது.

இப்ப கூட்டுக்கு வருவோம், என்ன கேட்டா மருந்த விட இதுதான் பெருசு. மழையும் பனியும்னு நம்மாளுங்க கூட்ட நாலு பக்கமும் பொலித்தீனும் சாக்கும் கட்டி பொட்டி மாதிரி ஆக்கிடுறாங்க, உள்ள எச்சமும் ஈரமும் சேர்ந்து அமோனியா கெளம்புது. கோழியோட மூச்சுக்குழாய்க்குள்ள கண்ணுக்கு தெரியாத மயிர் மாதிரி இருக்கும், உள்ள போற தூசி கிருமிய மேல தள்ளி வெளிய அனுப்புறது அதுதான் வேலை, அமோனியா பட்டா அது படுத்துரும், அப்புறம் கிருமிக்கு கதவு தொறந்த மாதிரிதான். விடியக்காலையில கூட்டு கதவ தொறந்த ஒடனே கோழி நிக்கிற ஒயரத்துக்கு குனிஞ்சு மோந்து பாருங்க. கண்ணு எரிஞ்சா அளவு மீறிப் போச்சுன்னு அர்த்தம். காத்துல அமோனியா 25 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்துல 25 பங்கு) மேல போகக்கூடாதுன்னு சொல்றது பெரிய பண்ணைக்கு, அளக்க கருவி இல்லாத நமக்கு கண்ணு போதும்.

காத்து அடிக்கிற பக்கம் கீழ மறைங்க, ஆனா கூரைக்கு கீழ, கோழி தூங்குற கம்புக்கு மேல, ரெண்டு பக்கமும் ஒரு சாண் எடைவெளி உடுங்க. எறகு காஞ்சிருந்தா கோழி குளிர தாங்கும், ஈரத்தத்தான் தாங்காது. நெலத்துல காஞ்ச மரத்தூள் போடுங்க. மானாப்புல் போடுறவங்க நல்லா காஞ்சதா பார்த்து போடுங்க, பூசணம் புடிச்ச புல்லால நுரையீரல்ல பூஞ்சணமே வளரும், அதுக்கு இந்த மருந்து எதுவும் கேக்காது. கரட் துண்டு, கீரை குடுங்க, விட்டமின் ஏ கொறைஞ்சாலும் மூக்குல கண்ணுல வடியும்.

முட்டை கதை. மருந்து குடுக்கிற நாளும், அதுக்கப்புறம் முட்டைய ஒதுக்கணும்னு பாக்கெட்டுல போட்டிருக்கிற நாளும் முடியிற வரைக்கும் யாரும் சாப்புடாதீங்க, விக்கவும் வேணாம். மருந்து வாங்கும்போதே இந்த கோழி முட்டைய நாங்க சாப்புடுறோம்னு சொல்லிருங்க. இந்த மைக்கோபிளாஸ்மா மனுசருக்கு தொத்தாது, ஆனா வீட்ல யாருக்காவது வீசிங் இருந்தா கூடு கூட்டுற வேலைய அவங்களுக்கு குடுக்காதீங்க, தூசி ஆகாது. அடை வைக்க மட்டும் இந்த முட்டை வேணவே வேணாம், கிருமி முட்டை வழியா குஞ்சுக்கு போகும்.

இன்னொன்னு, கேக்க கஷ்டமாத்தான் இருக்கும். சிஆர்டி வந்து தேறின கோழி கிருமிய ஒடம்புலயே வச்சிருக்கும், அடுத்த மே மாசம் மழை கொட்ட தொடங்கினா திரும்ப தும்மும். வச்சுக்கணும்னா வச்சுக்கோங்க, ஆனா வெளிய குடுக்காதீங்க, புதுசும் சேர்க்காதீங்க. இருக்கிற கோழி எல்லாத்தையும் முடிச்சிட்டு புதுசா தொடங்குறதுன்னா கூட்ட கழுவி காயவச்சு ரெண்டு மூணு கிழமை சும்மா போடுங்க, இந்த கிருமி கோழிக்கு வெளிய ரொம்ப நாள் தாக்குப்புடிக்காது. இனிமே சந்தையில வாங்குற கோழிய மூணு நாலு கிழமை தனியா வச்சு, கடைசியா அதுக்கு தீனி போட்டு, கைய கழுவிட்டு வாங்க.

கழுத்து முறுக்குறது, பச்சையா கழியிறது, படபடன்னு சாகுறது, இதுல ஒண்ண பார்த்தாலும் மேல சொன்னது எதுவும் பொருந்தாது, அது ராணிக்கெட்டோ பறவைக் காய்ச்சலோவா இருக்கலாம். செத்தத வெறுங்கையால தொடாம, கறியும் வைக்காம, ஒடனே மிருக வைத்தியர் ஒபிசுக்கு போன் பண்ணுங்க. அவங்க கேட்டா ரெண்டு பொலித்தீன் பைக்குள்ள போட்டு கட்டி ஐஸோட வைங்க, பிரீசர்ல போட்டு இறுக உடாதீங்க, பேராதனையில இருக்கிற மிருக வைத்திய ஆய்வு நிலையத்துக்கு அனுப்பி டெஸ்ட் பண்ணணும்னா அப்படி இருந்தாத்தான் வசதி.