'டிக், டிக்... பூம்!' – உங்கள் கேள்விகளும் என் பதில்களும்

ஜோனதன் லார்சன் எழுதி இசையமைத்த 'டிக், டிக்... பூம்!' என்ற மேடை மியூசிக்கலை (பாட்டோடு கதை சொல்லும் நாடகம்) பற்றி என்னிடம் வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் சொல்கிறேன். நம்மில் பலருக்கும் இது 2021இல் வந்த படமாகத்தான் தெரியும். எனக்கு நெருக்கமானது இது மேடையில் பிறந்த விதம். அதனால் பதில்கள் கொஞ்சம் அந்தப் பக்கமே சாயும்.

கேள்வி: படமும் பார்க்கவில்லை, நாடகமும் தெரியாது. கதையைச் சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

பதில்: 1990, நியூயார்க். ஜான் என்ற இசையமைப்பாளனுக்கு இன்னும் சில நாளில் 30 வயது முடியப்போகிறது. டைனர் ஒன்றில் பரிமாறி வாடகை கட்டுகிறான். பல வருஷமாக எழுதிய 'சுபர்பியா' என்ற மியூசிக்கலுக்கு ஒருவழியாக ஒர்க்‌ஷாப் கிடைத்திருக்கிறது. காதலி சூசன் நடனக் கலைஞர். இந்த ஊரை விட்டு அமைதியான இடத்துக்குப் போய்விடலாம் என்கிறாள். சின்ன வயதிலிருந்து கூடவே நடித்து வளர்ந்த மைக்கேல் நடிப்பை விட்டுவிட்டு மார்க்கெட் ரிசர்ச் வேலையில் சேர்ந்து பிஎம்டபிள்யூ வாங்கிவிட்டான். ஜானின் தலைக்குள் மட்டும் கடிகாரம் மாதிரி ஒரு சத்தம் ஓடிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சத்தம்தான் தலைப்பு.

கேள்வி: ஒர்க்‌ஷாப் என்றால் பயிற்சி முகாமா?

பதில்: இல்லை. நியூயார்க் நாடக உலகில் அது ஒரு வெள்ளோட்டம். செட் கிடையாது, உடையலங்காரம் கிடையாது. நடிகர்கள் கையில் காகிதத்தை வைத்துக்கொண்டு பாடிக் காட்டுவார்கள். கீழே நாற்காலிகளில் தயாரிப்பாளர்கள் உட்கார்ந்திருப்பார்கள். யாராவது ஒருவர் பணம் போட முன்வந்தால் நாடகம் பிழைக்கும். இல்லையென்றால் பாராட்டோடு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அந்தப் பாராட்டு எவ்வளவு கொடுமையானது என்பதை இந்த நாடகம் அளவுக்கு வேறு எதுவும் எனக்குச் சொன்னதில்லை.

கேள்வி: அக்கா, இது அப்படியே அவருடைய சொந்தக் கதையா? எவ்வளவு உண்மை, எவ்வளவு கற்பனை?

பதில்: ஆட்களும் இடங்களும் பெரும்பாலும் அவர் வாழ்க்கையிலிருந்து வந்தவை. காலத்தைத்தான் மாற்றி அடுக்கியிருக்கிறார். லார்சன் பிறந்தது 1960 பிப்ரவரி 4. சோஹோ பகுதியில் இருந்த மூன்டான்ஸ் டைனரில் ஏறக்குறைய பத்து வருஷம் வேலை பார்த்தார். வார இறுதியில் பரிமாறுவது, மற்ற நாட்களில் எழுதுவது. கிரீனிச் தெருவில் அவர் இருந்த வீட்டில் குளியல் தொட்டியே சமையலறையில்தான் இருந்தது.

ஆனால் ப்ளேரைட்ஸ் ஹொரைசன்ஸ் அரங்கில் சுபர்பியாவின் ஒர்க்‌ஷாப் நடந்தது 1988இல். முப்பது வயதாக அவருக்கு இன்னும் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. 1989இல் வில்லேஜ் கேட் அரங்கில் அதையே கச்சேரி வடிவில் நடத்திப் பார்த்தார். அப்போதும் தயாரிப்பாளர் அமையவில்லை. நாடகத்தில் இந்த இழுவை எல்லாம் ஒரே வாரத்துக்குள் சுருங்கி, பிறந்தநாளுக்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. எழுத்தாளராக அது சரியான முடிவு. ஆனால் நிஜத்தில் ஏமாற்றம் இவ்வளவு சீக்கிரம் முடியவில்லை என்பதைப் படம் பார்க்கும்போது மறந்துவிடாதீர்கள்.

கேள்வி: முதலில் இதைத் தனி ஆளாகவே நடத்தினார் என்று படித்தேன். மூன்று பேர் நடிப்பது எப்போது வந்தது?

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன்.

சுபர்பியாவை யாரும் எடுக்காததற்கு அதன் அளவு ஒரு காரணம். பெரிய நடிகர் குழு, எதிர்கால உலகத்துக்கான செலவு கூடிய காட்சியமைப்பு. நியூயார்க்கின் பெரிய வணிக அரங்குகளான பிராட்வேக்கு அது மிகவும் விசித்திரம்; சின்ன அரங்குகளுக்கு மிகவும் பெரிசு. அப்போது லார்சன் என்ன செய்தார் தெரியுமா? யாருடைய பணத்துக்கும் காத்திராமல் நடத்தக்கூடிய ஒன்றை எழுதினார். ஒரு பியானோ, ஒரு சின்ன ராக் பாண்ட், நடுவில் அவர். பேசுவார், பாடுவார், எல்லாப் பாத்திரமும் அவரே. இதை 'ராக் மோனோலாக்' என்று அழைத்தார்கள். 1990இல் செகண்ட் ஸ்டேஜ் அரங்கில் நடந்தபோது அதன் பெயர் 'போஹோ டேஸ்'. பிறகுதான் இப்போதைய பெயர். 1990களின் முதல் சில வருஷங்களில் வில்லேஜ் கேட்டிலும் நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப் என்ற அரங்கிலும் நடத்தினார்.

வாய்ப்பு போய்விடுமோ என்ற பயத்தைப் பற்றிய நாடகம், வாய்ப்பே தேவைப்படாத வடிவத்தில் இருக்கிறது. எனக்கு இந்த நாடகத்தின் உயிர் அதில்தான் இருக்கிறது. அந்தப் பயத்தையே சரக்காக எடுத்துக்கொண்டு, கையில் இருந்த பியானோவை வைத்து முடித்திருக்கிறார்.

மூன்று பேர் வடிவம் அவர் மறைந்த பிறகு வந்தது. நாடகாசிரியர் டேவிட் ஆபர்ன் பிரதியைத் திருத்தி அமைத்தார். 2001இல் ஜேன் ஸ்ட்ரீட் தியேட்டரில் ஆஃப் பிராட்வே (பிராட்வேயை விடச் சின்ன அரங்குகள்) நாடகமாக அரங்கேறியது. ராவுல் எஸ்பார்ஸா ஜானாக நடித்தார். மற்ற இருவரும் மைக்கேல், சூசன் மட்டுமல்லாமல் அப்பா, ஏஜென்ட், பாடகி என்று மீதி எல்லோராகவும் மாறி மாறி வருவார்கள்.

கேள்வி: சுபர்பியா என்னதான் கதை? அதைக் கேட்க வழி உண்டா?

பதில்: ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை மியூசிக்கலாக்க லார்சன் முதலில் ஆசைப்பட்டார். உரிமை கிடைக்கவில்லை. அதனால் சொந்தமாக ஓர் எதிர்கால உலகத்தை உருவாக்கினார். திரையைப் பார்த்தே உணர்ச்சி மரத்துப்போன மனிதர்கள் வாழும் உலகம். அதிலிருந்த 'கம் டு யுவர் சென்சஸ்' பாட்டு இந்த நாடகத்தில் இருக்கிறது. ஒர்க்‌ஷாப் காட்சியில் அதைப் பாடும்போது, அந்தப் பாட்டு ஜானின் காதலுக்கும் பொருந்துவதை நாம் கேட்கிறோம். மேடையேறாத நாடகத்தின் ஒரு பாட்டு இப்படிப் பிழைத்திருக்கிறது.

கேள்வி: 'சண்டே' பாட்டில் டைனர் சுவர் ஏன் திடீரென்று விழுகிறது? அந்த இடம் எனக்குப் புரியவே இல்லை.

பதில்: சுவர் விழுவது படத்தில். பாட்டு மேடையிலேயே உண்டு. பிராட்வேயின் பெரிய இசையமைப்பாளர் ஸ்டீபன் சொண்ட்ஹைமின் 'சண்டே இன் தி பார்க் வித் ஜார்ஜ்' என்ற மியூசிக்கலின் (1984) முதல் பாகம் 'சண்டே' என்ற பாட்டோடு முடியும். ஓவியர் ஜார்ஜ் சூராவின் பிரபலமான ஓவியம் கண்ணெதிரே உருவாகிற புனிதமான கட்டம் அது. லார்சன் அதே தோரணையை எடுத்து, ஞாயிற்றுக்கிழமை காலைக் கூட்டத்தில் முட்டையும் காபியும் கேட்டுக் கத்துகிற வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்துவிட்டார். சிரிப்பாக இருக்கும். ஆனால் கேலி இல்லை. குருவுக்குச் செய்த வணக்கம்.

சொண்ட்ஹைம் நிஜமாகவே லார்சனுக்கு வழிகாட்டி. நடிப்பா இசையா என்று தடுமாறிய இளைஞனை இசைப் பக்கம் திருப்பியதில் அவருக்குப் பங்கு உண்டு. அந்தப் பாட்டில் டைனருக்குள் உட்கார்ந்திருப்பவர்களைப் படத்தில் இன்னொரு தடவை பாருங்கள்: எல்லோரும் பிராட்வே பிரபலங்கள். அந்த சொண்ட்ஹைம் நாடகத்தின் நாயகி பெர்னடெட் பீட்டர்ஸும் அங்கே இருக்கிறார். அப்புறம், படத்தின் கடைசியில் பதிவாகி இருக்கும் ஃபோன் குரல் சொண்ட்ஹைமின் சொந்தக் குரல். படம் வந்த அதே நவம்பரில் அவர் காலமானார். என்னால் அந்த இடத்தை இன்னும் சாதாரணமாகக் கேட்க முடிவதில்லை.

கேள்வி: மைக்கேலுக்கு எய்ட்ஸ் கிருமி இருப்பது கதையைத் திருப்புவதற்காகச் சேர்த்ததா?

பதில்: இல்லவே இல்லை. அந்த வருஷங்களில் நியூயார்க் நாடகக்காரர்களின் நண்பர் வட்டத்தில் மாதத்துக்கு மாதம் ஆள் குறைந்துகொண்டிருந்தது. லார்சனின் நெருங்கிய நண்பர்களும் பாதிக்கப்பட்டார்கள். நோயைக் கட்டுக்குள் வைக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சை 1996 வாக்கில்தான் பரவலாக வந்தது. அதற்கு முன் அந்தச் செய்தி கிட்டத்தட்ட ஒரு தேதியைச் சொல்வது மாதிரி. அதுவரை தன் முப்பது வயதைப் பற்றியே புலம்பிக்கொண்டிருந்த ஜானுக்கு, யாருடைய கடிகாரம் நிஜமாக ஓடுகிறது என்று அப்போதுதான் தெரிகிறது.

கேள்வி: லார்சன் 35 வயதிலேயே இறந்தார். தனக்கு நேரம் குறைவு என்று முன்பே உணர்ந்துதான் இதை எழுதினாரா?

பதில்: இந்த எண்ணம் எங்கும் பரவியிருக்கிறது. நான் இதை ஏற்கவில்லை. 1996 ஜனவரி 25 அதிகாலையில், அவர் எழுதிய 'ரென்ட்' மியூசிக்கலின் முதல் முன்னோட்டக் காட்சி நடக்க வேண்டிய அதே நாளில், பெருந்தமனி கிழிந்து இறந்தார். மார்ஃபான் நோய்க்குறி என்ற பிறவிக் கோளாறு இருந்திருக்கும் என்று பிறகு கருதப்பட்டது. அதற்கு முந்தின சில நாட்களில் நெஞ்சுவலியோடு இரண்டு மருத்துவமனைகளுக்குப் போயும் அது கண்டுபிடிக்கப்படவில்லை. இதை எழுதிய 1990இல் அவருக்கு இதில் எதுவும் தெரியாது.

அவருக்கு இருந்தது சாவு பயம் இல்லை. உயிரோடு இருந்தும் ஒன்றும் ஆகாமல் போய்விடுமோ என்ற பயம். அது நம் எல்லோருக்கும் தெரிந்த பயம். முடிவைத் தெரிந்துகொண்டு ஆரம்பத்தைப் படித்தால் அவரை ஜோசியக்காரர் ஆக்கிவிடுவோம், அவர் பட்ட பாடு கண்ணுக்குப் படாமல் போய்விடும்.

அன்று மாலை நடந்ததைச் சொல்கிறேன். நியூயார்க் தியேட்டர் ஒர்க்‌ஷாப்பில் குடும்பத்தாருக்கும் நண்பர்களுக்கும் முன்னால், நடிகர்கள் உட்கார்ந்தபடியே 'ரென்ட்' பாட்டுகளைப் பாடிவிடலாம் என்று முடிவு செய்தார்கள். பாதியில் அவர்களால் உட்கார முடியவில்லை. எழுந்து ஆடி நடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அந்த நாடகம் புலிட்சர் பரிசும் டோனி விருதும் வாங்கி, பிராட்வேயில் 2008 வரை 5,123 காட்சிகள் ஓடியது.

கேள்வி: எனக்கு 29 வயது. ஐடி வேலை. இரவில் குறும்படங்களுக்கு இசை போடுகிறேன். படத்தைப் பார்த்ததிலிருந்து, மைக்கேல் மாதிரி நானும் கலையை விற்றுவிட்டேனோ என்று உறுத்துகிறது. வேலையை விட்டுவிடவா?

பதில்: தம்பி, நாடகம் மைக்கேலை அப்படிப் பார்க்கவே இல்லை. ஜான் அவன் ஆபீஸுக்கு ஒரு நாள் போய்ச் சொதப்புகிறானே, அந்தக் காட்சியில் சிறுமைப்படுவது மைக்கேல் இல்லை. அவன் தனக்கு எது வேண்டும் என்று தெரிந்து போனவன். நீங்கள் இரவில் இசை போடுகிறீர்கள் என்றால் மைக்கேலை விட ஜானுக்குத்தான் பக்கத்தில் இருக்கிறீர்கள். லார்சன் டைனர் வேலையை விட்டது 1995 அக்டோபரில், 'ரென்ட்' மேடையேறப் போவது உறுதியான பிறகு. அதுவரை தட்டு தூக்கினார். சம்பளத்தை விடாதீர்கள். போட்ட இசையில் ஒன்றை எனக்கு அனுப்புங்கள், கேட்கிறேன்.

கேள்வி: படத்தை எடுத்த லின் மானுவல் மிராண்டாவுக்கும் இந்த நாடகத்துக்கும் என்ன தொடர்பு?

பதில்: கல்லூரி கடைசி வருஷத்தில், 2001இல், அந்த ஜேன் ஸ்ட்ரீட் நாடகத்தைப் பார்த்தவர் அவர். 2014இல் நியூயார்க்கில் தானே ஜானாக மேடையில் நடித்தார். அப்போது மைக்கேலாக வந்த லெஸ்லி ஓடம் ஜூனியர்தான் மறுவருஷம் மிராண்டாவின் 'ஹாமில்டன்' மியூசிக்கலில் ஆரன் பர் என்ற பாத்திரமாக நடித்தவர். படத்தில் ஜானாக நடித்த ஆண்ட்ரூ கார்ஃபீல்டுக்கு கோல்டன் குளோப் விருது கிடைத்தது.

கேள்வி: எங்கள் கல்லூரி நாடகக் குழு இதைத் தமிழில் போடலாமா?

பதில்: மூன்று நடிகர், சின்ன பாண்ட் என்பதால் கல்லூரிகளுக்குப் பொருத்தமான நாடகம்தான். மேடையேற்றும் உரிமையை மியூசிக் தியேட்டர் இன்டர்நேஷனல் என்ற நிறுவனம் தருகிறது. மொழிபெயர்க்கத் தனி அனுமதி வேண்டும். ஒத்திகை தொடங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

கேள்வி: எல்லாப் பாட்டும் கேட்க நேரமில்லை. ஒன்றே ஒன்று சொல்லுங்கள்.

பதில்: 'வொய்'. மைக்கேலின் செய்தியைக் கேட்டுவிட்டு ஜான் ஓடுகிறான். சென்ட்ரல் பார்க்கில் ஆளில்லாத ஓர் அரங்கு, அதில் ஒரு பழைய பியானோ. ராக் சத்தம் எல்லாம் நின்றுவிடுகிறது. சின்னப் பையன்களாக அவனும் மைக்கேலும் மேடையேறிய நாட்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பாடுகிறான். கேட்க யாரும் இல்லை, தயாரிப்பாளர் இல்லை, ஏஜென்ட் இல்லை. பாடி முடித்துவிட்டு வீட்டுக்குப் போகிறான். விடிந்தால் பிறந்தநாள்.