கடைவீதியில் பார்க்கிங் கட்டணம் வந்தால் வியாபாரம் படுத்துவிடுமா?

படுக்காது. வசூலாகும் பணம் அதே தெருவுக்குத் திரும்பினால் வியாபாரம் வளரவே செய்யும். கலிபோர்னியாவின் பழைய பாசடீனாவில் இதுதான் நடந்தது. பல ஆண்டுகளாக நலிந்து கிடந்த கடைவீதி அது. தெருவோரம் இலவசமாக வண்டியை நிறுத்தலாம், ஆனால் இடம் கிடைக்காது. இடத்தைப் பிடித்து வைத்திருந்தவர்களில் பலர் அங்குள்ள கடைகளின் முதலாளிகளும் ஊழியர்களும்தான்! வாடிக்கையாளர் சுற்றிச் சுற்றி வந்து அலுத்துப்போவார்.

பார்க்கிங் கட்டணம் வசூலிக்கும் மீட்டர்களைத் தெருவோரம் வைக்கலாம் என்றபோது வணிகர்கள் கடுமையாக எதிர்த்தார்கள். வருமானம் முழுவதும் இந்தப் பகுதிக்கே செலவாகும் என்று நகர நிர்வாகம் உறுதியளித்த பிறகே இசைந்தார்கள். 1993இல் மணிக்கு ஒரு டாலர் கட்டணம் வந்தது. அந்த வருமானத்தை நம்பி 50 லட்சம் டாலர் கடன் வாங்கி, நடைபாதை, மரங்கள், விளக்குகள், குப்பை மண்டிய பின்சந்துகள் என எல்லாவற்றையும் சீரமைத்தார்கள். ஊழியர்கள் வண்டிகளைத் தள்ளி நிறுத்தத் தொடங்கினார்கள். கடைவாசலில் இடம் கிடைத்தது. விற்பனை வரி வருவாய் வேகமாக உயர்ந்தது.

என்னைக் கேட்டால், இதில் உயிர்நாடி அந்த உறுதிமொழிதான். பொதுக் கணக்கில் கரைந்துபோகும் பணத்துக்காக எந்தக் கடைக்காரரும் மீட்டரை ஆதரிக்க மாட்டார்; ஆதரிக்கச் சொல்வதும் நியாயமில்லை. உங்கள் ஊரில் இப்பேச்சு எழுந்தால், கட்டணம் எவ்வளவு என்பதற்கு முன் கடைவீதிக்கெனத் தனிக் கணக்கு உண்டா என்று கேளுங்கள்.