'சாகும் ஊர்' சிவிதா: கேள்வி பதில்

ரோமுக்கு வடக்கே, வித்தெர்போ மாவட்டத்தில் உள்ள மலையூர் சிவிதா தி பாஞோரேஜோ. அதைப் பற்றி நீங்கள் கேட்டவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி: அக்கா, ஆள் இல்லாமல் போனதால்தான் 'சாகும் ஊர்' என்கிறார்களா?

பதில்: ஆள் குறைந்தது பிறகு தம்பி. முதல் காரணம் மண். ஊர் உட்கார்ந்திருப்பது எரிமலைச் சாம்பல் இறுகிய பாறைமேல். அங்கே 'தூஃபோ' என்பார்கள். அதற்கு அடியில், ஒருகாலத்தில் கடலடியாகக் கிடந்த களிமண். மழையும் இருபுறத்து ஓடைகளும் களிமண்ணை அரித்துக்கொண்டே இருக்கின்றன. கீழே பிடிமானம் போனதும் மேலே பாறை பிளந்து விழுகிறது. அதன்மேல் இருக்கும் வீடும் சேர்ந்து போகிறது. 1695 நிலநடுக்கம் பேரிடி. அதன்பின் ஊரின் ஆயரே (பிஷப்) பக்கத்து பாஞோரேஜோவுக்குக் குடிபெயர்ந்தார், குடும்பங்களும் பின்தொடர்ந்தன. இன்று நிரந்தரமாக வசிப்பவர்கள் இருபது பேர்கூட இல்லை.

கேள்வி: உண்மையிலேயே அவ்வளவு பழைய ஊரா?

பதில்: ரோமானியர்களுக்கு முன்பே இத்தாலியின் இந்தப் பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் சுமார் 2500 ஆண்டுகளுக்கு முன் அமைத்தது. பாறையில் குடைந்த பழைய அறைகளைப் பின்னால் வந்தவர்கள் திராட்சை மது வைக்கவும் ஆலிவ் செக்கு ஓட்டவும் பயன்படுத்தினார்கள். சான் தொனாத்தோ தேவாலயத்தின் முன் பழந்தூண்களின் அடித்துண்டுகளைப் பார்க்கலாம்.

ஆனால் என்னை உலுக்கியது வேறு இடம். 13ஆம் நூற்றாண்டில் புனித பொனவெந்தூர் பிறந்த ஊர் இது. பிரான்சிஸ்கன் என்ற கத்தோலிக்கத் துறவியர் சபையை வழிநடத்தியவர், திருச்சபை பேராசான்களாக மதிக்கும் மறைவல்லுநர்களில் ஒருவர். அவர் வீடு எங்கே என்று தேடிப் போனால் பள்ளத்தாக்கின் விளிம்பில் போய் நிற்போம். வீடு எப்போதோ சரிந்துவிட்டது. அங்கே நின்றால்தான் இந்த ஊரின் கதை புரியும்.

கேள்வி: ஊருக்குள் போகக் கட்டணமா? நியாயமா இது?

பதில்: நியாயம்தான் என்பேன். 2013இல் ஒன்றரை யூரோ என்று தொடங்கி, பிறகு ஐந்து யூரோ ஆக்கினார்கள். சரியும் பாறையைத் தாங்கிப் பிடிக்கச் செலவு கொஞ்சநஞ்சமில்லை. கூட்டம் பெருகியதால் உள்ளே கடைகள் நிறைந்து, குடியிருப்பு குறைகிறது என்ற வருத்தமும் எனக்கு உண்டு.

கேள்வி: அம்மாவுக்கு முழங்கால் வலி. கூட்டிப்போகலாமா அக்கா?

பதில்: யோசித்துச் செய்யுங்கள். 1965இல் கட்டிய நடைபாலம்தான் ஒரே வழி. சுமார் 300 மீட்டர் நீளம், கடைசிப் பகுதி நல்ல ஏற்றம், நிழலே கிடையாது. சுற்றுலாப் பயணிகளின் வண்டிக்கு அனுமதி இல்லை. நடக்க முடியாவிட்டால் பாஞோரேஜோவின் பார்வைமேடையில் உட்காரவைத்து ஊரைக் காட்டுங்கள். குன்றும் பாலமும் முழுதாகத் தெரிவது அங்கிருந்துதான்.

கேள்வி: எப்படிப் போவது, எந்த நேரம் நல்லது?

பதில்: ரோமிலிருந்து பக்கத்து நகரமான ஓர்வியெத்தோவுக்கு ரயில், அங்கிருந்து பாஞோரேஜோவுக்குப் பேருந்து. முடிந்தால் ஒரு இரவு தங்குங்கள். மாலையில் கூட்டம் இறங்கியதும் தேவாலயத்தின் முன் உள்ள சரளைக்கல் முற்றத்தில் பூனைகள் மட்டும் இருக்கும். வாசற்கதவுகளின் பக்கத்தில் பூந்தொட்டிகள், சுட்ட ரொட்டியில் ஊற்றிய ஆலிவ் எண்ணெய் மணம். ஜூனிலும் செப்டம்பரிலும் அதே முற்றத்தில் கழுதைப் பந்தயம் நடக்கும். முன்பு இந்த ஊருக்குச் சுமை தூக்கியவை கழுதைகள்தானே!