பாடசாலைப் பத்திரிகையில் உலகச் செய்தி போடலாமா?

போடலாம். ஆனால் இணையத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கக் கூடாது.

பாடசாலைப் பத்திரிகை என்பது மாணவர்களே விசாரித்து, எழுதி, தங்கள் பாடசாலைக்காக வெளியிடும் தாள். தவணைக்கு ஒன்று வந்தாலே பெரிய காரியம். அதில் உக்ரைன் போர்ச் செய்தியை இணையத்திலிருந்து எடுத்துப் போட்டால், வாசிக்கிற பிள்ளை அதை எப்போதோ போனில் பார்த்து முடித்திருக்கும்.

மாணவ நிருபரின் பலமே நேரில் போய்க் கேட்கலாம் என்பதுதான். 2022இல் இலங்கையில் எரிபொருள் தட்டுப்பாடு வந்ததே, அப்போது உலக எண்ணெய் விலை பற்றி ஒரு பக்கம் எழுதுவதைவிட, வரிசையில் நின்ற ஆட்டோக்காரரிடம் "அண்ணை, எத்தனை மணிக்கு வந்தீங்கள், எத்தனை லீற்றர் கிடைச்சது?" என்று கேட்டு எழுதியிருந்தால் அதுவே நல்ல உலகச் செய்தி. டொலர் தட்டுப்பாடும் எண்ணெய் விலையும் அதற்குள் இரண்டு வரியில் வந்துவிடும்.

கோதுமை கப்பலில் வருகிறது, திருகோணமலை சீனக்குடா ஆலையில் மாவாகிறது. ரொட்டி சுடுவது நம் வீட்டு அடுப்பில். செய்தியும் அப்படித்தான்.

உலகச் செய்தி என்றால் எங்கோ தூரத்தில் நடப்பது என்று பலர் நினைக்கிறார்கள். ஆனால் இரண்டாம் உலகப் போரில், 1942 ஏப்ரல் 9 அன்று ஜப்பானிய விமானங்கள் குண்டு போட்டது நம் திருகோணமலைத் துறைமுகத்தில்.