கேம்பிங் ஹம்மாக்கில் (இரண்டு மரத்துக்கு நடுவே கட்டித் தொங்கவிடும் துணிப் படுக்கை) தூங்க எந்தக் கொசுவலை நல்லது? கூடவே தைத்து வருவதா, தனியாகப் போடுவதா?

வேலூர்ப் பக்கம் என்றால் தனியாகப் போடும் வலைதான். அதுவும் அடிப்பக்கத்தையும் சேர்த்து ஹம்மாக்கை முழுக்க மூடும் உறை. தைத்து வருவதைத்தான் வாங்குவேன் என்றால் அடித்துணி இரட்டையா என்று பார்த்து வாங்குங்கள். அவசரக்காரர்களுக்கு இவ்வளவு போதும்.

ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ ஒரு சனி ஞாயிறு போகத் திட்டம் போட்டுக்கொண்டு கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். எனக்கு ஹம்மாக் சுற்றுலா சமாச்சாரம் இல்லை. குடியாத்தம் பக்கம் எங்களுக்கு மாந்தோப்பு இருக்கிறது. சித்திரையில் காய் பருக்க ஆரம்பித்தால் ஆனி வரைக்கும் ராத்திரிக் காவலுக்கு யாராவது தோப்பில் படுத்தாக வேண்டும். சித்தப்பாவுக்குக் கயிற்றுக் கட்டில். என் முதுகுக்கு ஹம்மாக்தான் ஒத்துவருகிறது. நான் மலையேறுகிற ஆள் இல்லை, எந்தக் கம்பெனிக்கும் விளம்பரம் செய்யவும் வரவில்லை. வேலூர் வெயிலில், மாமர நிழலில், கொசுவுக்கு நடுவே தூங்கிய அனுபவத்தில் சொல்கிறேன். குளிர்ப் பிரதேசக் கணக்கு வேறு என்று சண்டைக்கு வருபவர்களுக்குக் கீழே பதில் இருக்கிறது.

"காத்துல ஆடுற படுக்கையில கொசு எங்கடா உக்காரும்? இன்னாத்துக்கு வலை?" என்று சித்தப்பா கேட்பார். நிறையப் பேர் இப்படித்தான் நம்புகிறார்கள். நாம் விடும் மூச்சையும் உடம்புச் சூட்டையும் வைத்துத்தான் கொசு நம்மைக் கண்டுபிடிக்கிறது. நல்ல காற்று அடிக்கும்வரை அதனால் பறந்து வந்து உட்கார முடியாது, உண்மைதான். ஆனால் மே மாதத்தில் எங்கள் பக்கம் நடுராத்திரியில் இலை அசையாமல் நிற்கும். அப்போது கட்டிலும் ஒன்றுதான், ஹம்மாக்கும் ஒன்றுதான்.

சித்தப்பா மகனுக்குப் பெங்களூரில் வேலை. ஒரு மே மாத லீவுக்குப் புது ஹம்மாக்கோடு வந்தான். மேல்பக்கம் மட்டும் ஜிப் வைத்த வலை, ஹம்மாக்கோடு சேர்த்தே தைத்தது. விலையும் அதிகம். அதைக் கட்டிக்கொண்டு ஆசையாகப் படுத்தான். காலையில் பனியனைக் கழற்றினால் முதுகெல்லாம் தடிப்பு. முகத்திலோ கையிலோ கழுத்திலோ ஒரு கடிகூட இல்லை. "வலை எங்கியோ கிழிஞ்சிருக்குண்ணா, டூப்ளிகேட்டைத் தள்ளிட்டானுங்க" என்றான். ஜிப்பை மூடி உள்ளே டார்ச் அடித்து, தையல் ஓரமாக விரலை வைத்து நகர்த்திக்கொண்டே பார்த்தோம். ஓட்டை எதுவும் இல்லை. அப்புறம் அவனைத் திரும்பி நிற்கச் சொல்லி முதுகைச் சரியாகப் பார்த்தேன். தோள்பட்டையில் கொத்தாகத் தடிப்பு, இடுப்புக்குக் கீழே கொத்தாகத் தடிப்பு, தொடையின் பின்பக்கமும் அப்படியே. நடுவில் ஒரு சாண் அகலத்துக்கு மட்டும் தோல் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தில்தான் அவன் போர்வையை நாலாக மடித்து முட்டுக்கொடுத்துப் படுத்திருந்தான்.

கடித்ததெல்லாம் கீழே இருந்து, துணி வழியாக. ஹம்மாக் துணி மெல்லிய நைலான். நம் எடையில் விறைத்துத் தோலோடு ஒட்டிக்கொள்ளும். கொசு அடிப்பக்கத்தில் உட்கார்ந்து நிதானமாகக் குத்தலாம், நாம் கையை வீசினாலும் எட்டாது. தைத்து வருகிற வலை எவ்வளவு நல்ல வலையாக இருந்தாலும் இந்த இடத்துக்குக் காவல் இல்லை. இரட்டைத் துணி ஹம்மாக்கில் ஒரு வழி உண்டு. இரண்டு துணிக்கும் நடுவே மெல்லிய பாயோ போர்வையோ செருகிவிட்டால் கடி நின்றுவிடும். ஆனால் கோடையில் முதுகு வேகும். மலையில் டிசம்பர் ஜனவரி என்றால் அதுவே சுகம்.

அடுத்த ராத்திரி என் வலைக்குள் அவனைப் படுக்க வைத்தேன். புதுக் கடி எதுவும் இல்லை. புழுக்கமும் குறைவாக இருக்கிறது என்று அவனே சொன்னான். காரணம், தைத்து வருகிற வலை மூக்குக்குப் பக்கத்திலேயே தொங்கும். உறை வலையில் தலைக்கு மேலேயும் பக்கவாட்டிலும் இடம் கிடைக்கும்.

என் வலை வேலூர் பஜாரில் மீட்டர் கணக்கில் வாங்கிய துணி. எங்கள் தெரு டெய்லர் அக்கா தைத்துக்கொடுத்தார். நீளமான குழாய், பாவாடைக்கு நாடா கோத்தது போல இரண்டு முனையிலும் நாடா, பக்கவாட்டில் ஒரு நீள ஜிப். அவ்வளவுதான். கடையில் விற்கும் எதற்கும் அது குறைந்ததில்லை என்று அடித்துச் சொல்வேன். தைக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ஹம்மாக்கின் அடிப்பக்கத்துக்கும் வலைக்கும் நடுவே ஒரு சாணாவது இடைவெளி வேண்டும். வலை ஒட்டிக்கொண்டிருந்தால் கொசு இரண்டையும் சேர்த்துக் குத்தும். அதற்காகத் தரையில் புரளவும் விடக்கூடாது, எறும்பு ஏறிவிடும்.

வலை தூக்கி நிற்க மேலே ஒரு கயிறு அவசியம். இரண்டு முனையையும் இணைத்து ஹம்மாக்குக்கு மேலே நேராக ஓடும் கயிறு. அதன் நீளம் ஹம்மாக் நீளத்தில் ஏறக்குறைய 83 சதவீதம் என்பது ஹம்மாக்கில் தூங்குகிறவர்கள் பின்பற்றும் கணக்கு. 11 அடி ஹம்மாக்குக்கு 9 அடி சொச்சம். இந்தக் கயிறு இருந்தால் தொய்வு எப்போதும் ஒரே அளவில் நிற்கும், குறுக்காகப் படுக்க முடியும், முதுகு வாழைக்காயாக வளையாது. கயிறு இல்லாமல் வலையைப் போட்டால் அது முகத்தில் விழும். விழுந்த இடத்தில் கடிதான்.

அடுத்தது வலைக்கண். இதில்தான் ஆன்லைனில் வாங்குபவர்கள் அதிகம் ஏமாறுகிறார்கள் என்பது என் வருத்தம். கண் எவ்வளவு பொடியாக இருக்கிறதோ அவ்வளவு உசத்தி என்று எழுதி விற்கிறார்கள். சாதாரணக் கொசுவலையில் ஒரு சதுர அங்குலத்துக்கு 156 கண் என்பது பரவலான அளவு. கொசுவைத் தடுக்க அது போதும். அதைவிடப் பொடிக்கண் வலை, கொசுவிலும் சின்னதாகக் கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் பறந்து சுருக்கென்று கடிக்குமே, அந்தப் பூச்சிக்காக வந்தது. அது சேற்றிலும் சாணியிலும் பெருகும். மாட்டுக்கொட்டகை பக்கமோ ஏரி ஓரமோ படுப்பதாக இருந்தால் பொடிக்கண் வலை வாங்குங்கள், இல்லாவிட்டால் விடிய விடியச் சொறிய வேண்டியதுதான். மற்ற இடத்தில் அது காற்றைத்தான் தடுக்கும். பகலில் 40 டிகிரி தாண்டிய நாளின் ராத்திரியில் அந்த வித்தியாசம் நெற்றி வியர்வையிலேயே தெரிந்துவிடும். அந்தப் பூச்சிக்குப் பறக்கும் பலம் குறைவு. கொட்டகையை விட்டுத் தள்ளி, காற்றோட்டமான மேட்டில் கட்டினாலே பாதித் தொல்லை போய்விடும்.

நிறம் கறுப்பாக இருக்கட்டும். வெள்ளை வலைக்குள் டார்ச் அடித்தால் வலைதான் பளீரென்று தெரியும், வெளியே என்ன நிற்கிறது என்று தெரியாது. காவலுக்குப் படுக்கிறவனுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சித்தப்பா கேட்டதில் ஒன்று மட்டும் ரொம்ப நியாயம். "அர்த்த ராத்திரில ஏதாச்சும் சத்தம் கேட்டா எப்டிடா அதுலருந்து வெளில வருவ?" பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கம் ஆந்திர எல்லைக் காட்டிலிருந்து யானை இறங்குவது உங்களுக்குத் தெரிந்திருக்கும். மாந்தோப்பையும் விடாது. காட்டை ஒட்டிய தோப்பில் ஹம்மாக்கே வேண்டாம் என்பேன். மற்ற இடத்திலும் சட்டென்று வெளியே வர முடிகிற வலைதான் வேண்டும். அடியில் துவாரம் வைத்து, சுருக்குக் கயிற்றால் மூடும் வகை ஒன்று உண்டு. எடை குறைவு, ஆனால் தூக்கக் கலக்கத்தில் துவாரம் எங்கே என்று காலால் துழாவ வேண்டும். பக்கவாட்டு ஜிப்பே மேல். உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் இழுக்க முடிகிற ஜிப்பாகப் பாருங்கள், அதன் நுனியில் ஒரு வெள்ளை நாடா கட்டிவிடுங்கள்.

மாமரத்தில் கட்டினால் முசுறு எறும்பு கயிற்றின் வழியாகவே இறங்கி வரும். உறை வலையின் முனை நாடாவை இறுக்கிக் கட்டி, வேப்பெண்ணெய் நனைத்த துணியை இரண்டு பக்கக் கயிற்றிலும் சுற்றிவிடுகிறேன். கொசுவர்த்தியை ஹம்மாக்குக்கு அடியில் வைக்காதீர்கள். நைலானும் வலையும் நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும்.

தலையை மட்டும் மூடும் அரை வலை போதாதா என்றால், குளிர்காலத்து ஏலகிரிக்குப் போதும். மற்ற பாகம் கம்பளிக்குள் இருக்கும் அல்லவா? குளிர்ப் பிரதேசக்காரர்களுக்கு நான் சொன்ன பதில் இதுதான். கீழே சமவெளியில் வேண்டாம். பகல் தூக்கத்துக்கும் வலை போடுங்கள். டெங்குக் கொசு பகலில்தான் கடிக்கும், அதிலும் காலையிலும் பொழுது சாயும் நேரத்திலும் அதிகம்.

வலையைப் பற்றி இவ்வளவு சொல்கிறேன், கட்ட மரம் வேண்டுமே. எங்கள் ஊர்ச் சாலையின் இரண்டு பக்கமும் கட்டிப்பிடிக்க முடியாத பருமனில் புளியமரங்கள் நின்றன. பஸ்ஸுக்கு நிற்கிற சனம் முழுக்க அதன் நிழலில்தான் நிற்கும். சாலையை அகலப்படுத்துகிறோம் என்று ஒரே வாரத்தில் வெட்டிக் கொண்டு போனார்கள். ஒன்றுக்குப் பத்து நடுவோம் என்றார்கள். நட்ட இடத்தில் இரும்புக் கூண்டுதான் நிற்கிறது, உள்ளே செடி இல்லை. மனு கொடுத்தோம், பதில் இல்லை. இதற்கும் உங்கள் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை என்று சொல்வீர்கள். நிழல் போன சாலையில் மதியம் பள்ளிக்கூடப் பிள்ளைகள் நடந்து வருவதைப் பார்க்கிறவனுக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

சரி, உங்கள் விஷயம். நல்ல தெம்பான இரண்டு மரம், 12 முதல் 15 அடி இடைவெளி, பட்டையை அறுக்காத அகலமான நாடா. உறை வலையை வீட்டு மொட்டைமாடியிலோ தோட்டத்திலோ ஒரு ராத்திரி கட்டிப் படுத்துப் பார்த்துவிட்டு மலைக்கு எடுத்துப் போங்கள். காப்புக்காட்டுக்குள் அனுமதி இல்லாமல் தங்கக் கூடாது, வனத்துறையிடம் முதலிலேயே கேட்டுவிடுங்கள். உங்கள் ஹம்மாக் எத்தனை அடி நீளம், எத்தனை அடி அகலம் என்று எழுதினால் வலைத்துணி எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுச் சொல்கிறேன்.